அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை

2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை ஒரு கப்பலை மடக்கித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பலின் பெயர் ‘சீமேன் கார்டு ஓஹியோ’. ஏறிப் பார்த்தால் உள்ளே 35 பேர். தலைக்கு ஒன்று வீதம் 35 துப்பாக்கிகள். ஐயாயிரத்துக்கும் மேல் தோட்டாக்கள். கப்பலை நடத்தியது ஓர் அமெரிக்க நிறுவனம். மேலே பறந்ததோ சியரா லியோன் நாட்டுக் கொடி. ஆயுதக் காவலர்களில் 14 பேர் எஸ்டோனியாக்காரர்கள், 6 பேர் பிரிட்டிஷ்காரர்கள். மற்ற காவலர்களும் மாலுமிகளும் இந்தியர்கள், உக்ரைனியர்கள். வழக்கு கியூ பிரிவு போலீஸாருக்குப் போனது.

அந்த 35 பேரும் எந்த நாட்டு ராணுவத்தையும் சேர்ந்தவர்கள் இல்லை. கடத்தல்காரர்களும் இல்லை. அவர்கள் பார்த்தது செக்யூரிட்டி வேலை. சோமாலியக் கடற்கொள்ளையர்கள் சரக்குக் கப்பல்களைப் பிடித்துவைத்துப் பணம் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் முதலாளிகள் துப்பாக்கிக் காவலர்களைக் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் துப்பாக்கியோடு துறைமுகத்துக்குள் வந்தால் ஒவ்வொரு நாடும் கேள்வி கேட்கும். அதற்காக, நடுக்கடலில் ஆயுதங்களோடும் ஆட்களோடும் காத்திருக்கும் கப்பல்களை நிறுத்தினார்கள். மிதக்கும் ஆயுதக் கிடங்குகள். இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு அப்பாலும் அப்போது இப்படி இருந்தன. காவலர்கள் அங்கே சரக்குக் கப்பலில் ஏறி, ஆபத்தான பகுதி தாண்டியதும் இன்னொரு மிதக்கும் கிடங்கில் இறங்கிக்கொள்வார்கள்.

2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. கப்பல் பிடிபட்டதிலிருந்து அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வழக்கை வைத்துப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால் ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டதில் மீனவர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்களும் கொள்ளையருக்கு எதிரான காவலர்கள்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவர்கள் இத்தாலியக் கடற்படையினர். கைதான கொஞ்ச காலத்திலேயே விவகாரம் இரு அரசுகளின் சண்டையாகிவிட்டது. டில்லியிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் தங்கினார்கள். சர்வதேச நடுவர் மன்றம், அவர்கள் ஓர் அரசின் அலுவலர்கள், இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்று 2020இல் சொன்னது. இத்தாலி 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டியது. 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

சீருடை போட்டவன் ஆளைக் கொன்றான். அவனுக்காக ஒரு நாடே வந்து நின்றது. சீருடை இல்லாதவன் யாரையும் சுடவில்லை; புழல் சிறைக்குப் போனான். தனியார் ராணுவ நிறுவனம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. அதில் வேலை பார்ப்பவன் எந்த அரசின் ஆளும் இல்லை. அவனுக்கு அது நஷ்டம்தான். அவனை அனுப்பியவருக்கு அதில்தான் லாபம்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கூலிப்படை. நாம் அதை வீணடித்துவிட்டோம். இன்று நாளிதழில் ‘கூலிப்படை’ என்று படித்தால் நிலத்தகராறில் அரிவாளோடு பைக்கில் வந்த நாலு பேர்தான் கண்முன் வருகிறார்கள். இங்கே நான் சொல்வது பதிவுசெய்த கம்பெனி. அலுவலகம், கணக்குப் பிரிவு, வக்கீல், ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. சிலது வாயிலில் நிற்கும் காவல் மட்டும் தரும். சிலது பயிற்சி கொடுக்கும். சிலது நேரே போருக்கே போகும். முதல் வேலைக்காகப் போன கம்பெனி மூன்றாவது வேலைக்கு நழுவுவது அடிக்கடி நடப்பது.

போருக்கே போன கம்பெனிகளில் முன்னோடி தென்னாப்பிரிக்காவின் ‘எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ்’. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது அதன் சிறப்புப் படைகள் கலைக்கப்பட்டன. சண்டையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். ஈபன் பார்லோ என்ற முன்னாள் அதிகாரி 1989இல் தொடங்கிய கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது. முதலில் அங்கோலா. பிறகு, தூத்துக்குடியில் நின்ற கப்பலின் கொடிக்குச் சொந்தமான அதே சியரா லியோன்.

1991இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1995இல் தலைநகர் ஃப்ரீடவுனின் வாசலுக்கே வந்துவிட்டது. ஆர்.யு.எஃப். என்ற கலகப்படை கிராமத்தாரின் கைகளை வெட்டுவதற்குப் பேர் போனது. நாட்டை ஆண்டவர் இருபதுகளில் இருந்த ராணுவ அதிகாரி வாலன்டைன் ஸ்ட்ராஸர். அவருடைய ராணுவத்திலோ பகலில் சிப்பாய், இரவில் கலகக்காரன் என்று இரண்டு வேலை பார்த்தவர்கள் நிறைய. முதலில் கூர்க்கா வீரர்களைக் கொண்ட ஒரு நிறுவனத்தை அழைத்தார்கள். கலகக்காரர்கள் பதுங்கித் தாக்கியதில் அதன் தளபதி கொல்லப்பட, அது ஒதுங்கிக்கொண்டது. அடுத்து வந்தது தென்னாப்பிரிக்கக் கம்பெனி. இருநூறு பேர்கூடத் தேறாத படை, சில போர் ஹெலிகாப்டர்கள். சில நாட்களில் கலகப்படையைத் தலைநகரிலிருந்து விரட்டினார்கள். அடுத்து எங்கே போனார்கள் என்பதைக் கவனியுங்கள். கிழக்கே, கோனோ மாவட்டத்து வைரச் சுரங்கங்களுக்கு.

ஏனென்றால் அரசிடம் பணம் இல்லை, வைரம் இருந்தது. 21 மாத வேலைக்கு ஏறத்தாழ 3.5 கோடி டாலர் என்பது கணக்கு. அரசால் கட்ட முடிந்தது ஒரு பங்குதான். கம்பெனியின் நண்பர்கள் வட்டத்திலிருந்த ‘பிராஞ்ச் எனர்ஜி’ என்ற சுரங்க நிறுவனத்துக்கு வைர உரிமம் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, தொடர்பு கிடையாது என்று இரு தரப்பும் சொன்னது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஃப்ரீடவுன் மக்களில் பலர் அந்தத் தென்னாப்பிரிக்கக் கூலிப்படையைக் கைதட்டி வரவேற்றார்கள். கை வெட்டுபவன் ஊரைவிட்டுப் போனான். அவர்களுக்கு அது போதும். 1996இல் தேர்தல்கூட நடந்தது. அஹ்மத் தேஜான் கப்பா குடியரசுத் தலைவரானார். அந்த நவம்பரில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் கலகக்காரர்கள் வைத்த முக்கிய நிபந்தனை, கம்பெனி வெளியேறவேண்டும் என்பது. 1997 ஜனவரியில் அது கிளம்பியது. மே மாதம் ராணுவப் புரட்சி. கப்பா நாட்டைவிட்டு ஓடினார். 1999 ஜனவரியில் கலகப்படை மறுபடியும் தலைநகருக்குள் புகுந்து செய்த கொடுமைகளை எழுதக் கை வராது. கடைசியில் ஐ.நா. 17,000 பேருக்கு மேல் கொண்ட படையை வைத்துத்தான் நாட்டை நிலைக்குக் கொண்டுவந்தது. 2000இல் அந்தப் படையிலிருந்த இந்திய வீரர்களே கைலாஹூன் என்ற ஊரில் முற்றுகைக்குள் மாட்டி, சண்டையிட்டு வெளியே வரவேண்டியிருந்தது.

இதை வைத்துக் கம்பெனியின் ஆதரவாளர்கள் கேட்பார்கள்: இருநூறு பேர் மலிவாகச் செய்ததை ஐ.நா. ஏன் இவ்வளவு செலவில் செய்தது? கேள்வி நியாயம்தான். பதில் 1997 ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே இருக்கிறது. நாட்டின் ராணுவம் உருப்படவில்லை. வாடகைக்கு எடுத்த படை ஒரு கைத்தடி. அதை எடுத்த மறுகணம் ஆட்சி விழுந்தது.

இதே பாடத்தைத் தலைகீழாகப் படித்த நாடு பாப்புவா நியூ கினி. போகன்வில் தீவிலுள்ள பங்குனா செம்புச் சுரங்கத்தைக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மீட்கப் பிரதமர் ஜூலியஸ் சான் 1997இல் பிரிட்டனின் ‘சாண்ட்லைன்’ கம்பெனியோடு 3.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். சொந்த ராணுவம் கொதித்தது. எங்களுக்கு பூட்ஸ் வாங்கக் காசில்லை, அந்நியனுக்குக் கோடியா? தளபதி ஜெர்ரி சிங்கிரோக் கம்பெனித் தலைவர் டிம் ஸ்பைசரைப் பிடித்து உள்ளே வைத்தார். பிரதமர் பதவியிலிருந்து விலகி நின்றார். கூலிப்படை ஒரு குண்டுகூடச் சுடாமல் நாட்டைவிட்டுப் போனது. பிறகு சமாதானம் வந்தது. 2019 வாக்கெடுப்பில் போகன்வில் மக்கள் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாகத் தனிநாட்டுக்கு வாக்களித்தார்கள்.

ஏழை நாடுகள் இல்லாத படைக்காகக் கம்பெனியைக் கூப்பிடுகின்றன, சரி. உலகத்திலேயே பெரிய படை வைத்திருப்பவர்களுக்கு இது எதற்கு? இங்கேதான் சர்வதேச அரசியல் தொடங்குகிறது.

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1983க்குப் பிறகு இலங்கை அரசு தமிழ்ப் போராளிகளை எதிர்கொள்ள வெளிநாட்டுப் பயிற்சி தேடியது. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். கமாண்டோக்களையே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் டில்லி கோபித்துக்கொள்ளும். இந்தியாவோடு வியாபாரம் கெடும். ‘கீனி மீனி சர்வீசஸ்’ என்ற கம்பெனி வந்தது. பெயர் சிரிப்பூட்டும், ஆட்கள் முன்னாள் எஸ்.ஏ.எஸ். காரர்கள். 1984 முதல் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியோடு நிற்கவில்லை, அவர்களுடைய விமானிகள் ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். அந்த அதிரடிப்படை கிழக்கு மாகாணத்தில் என்ன செய்தது என்பதை அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்ட இடத்திலெல்லாம் லண்டனின் பதில், அது தனியார் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பது. பத்திரிகையாளர் ஃபில் மில்லர் அரசு ஆவணங்களைத் தோண்டி 2020இல் புத்தகம் எழுதினார். அதே ஆண்டுதான் லண்டன் போலீஸின் போர்க்குற்றப் பிரிவு விசாரணையைத் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுத் தாமதம்.

இந்தக் கம்பெனிகள் கொடுக்கும் பில்லில் வராத பொருள் ஒன்று உண்டு. ‘அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை’ என்று அரசு சொல்லிக்கொள்ளும் வசதி. துப்பாக்கியைவிட அதற்குத்தான் விலை அதிகம்.

அந்த வசதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈராக். அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் 2004 ஜூன் 28 அன்று ஈராக் அரசிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். அதற்கு முதல் நாள் ‘ஆணை எண் 17’ஐத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தப் பணியில் உள்ள வெளிநாட்டுக் காவலர்களை ஈராக் சட்டம் தொடமுடியாது என்பது அதன் சாரம். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் ‘பிளாக்வாட்டர்’ கம்பெனியின் வாகனங்கள் நின்று, நெரிசலில் இருந்த கார்கள்மீது சுட்டன. 17 பேர் செத்தார்கள். ஈராக் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. அமெரிக்காவில் ஏழு ஆண்டு இழுத்து நான்கு பேருக்குத் தண்டனை வந்தது. 2020 டிசம்பரில் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். கம்பெனி இதற்கிடையில் இரண்டு முறை பெயர் மாற்றிக்கொண்டது.

ரஷ்யா இந்த வித்தையை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனது. ரஷ்யக் குற்றவியல் சட்டப்படி கூலிப்படை நடத்துவது குற்றம். எனவே ‘வாக்னர்’ என்று ஒரு கம்பெனி இல்லவே இல்லை. இல்லாத கம்பெனியின் ஆட்கள் 2014 முதல் உக்ரைனில், சிரியாவில், லிபியாவில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இருந்தார்கள். அதன் முதலாளி யெவ்கெனி பிரிகோஷின் கேட்டரிங் காண்ட்ராக்ட் எடுத்துப் பெரியவரானவர். தன்னை வாக்னரோடு இணைத்து எழுதிய பத்திரிகையாளர்மீது லண்டனில் வழக்கே போட்டார்.

2018 பிப்ரவரி 7 இரவு, சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் அருகே ஓர் எரிவாயு ஆலையில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் சிலர் இருந்தார்கள். எதிரே டாங்கிகளோடு நூற்றுக்கணக்கானோர் நெருங்கினார்கள். ரஷ்ய மொழி கேட்டது. தவறிப்போய் மோதிக்கொள்ளக்கூடாது என்று இரு வல்லரசுகளும் வைத்திருந்த தொலைபேசி இணைப்பில் அமெரிக்க அதிகாரிகள் ரஷ்யத் தரப்பைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: இவர்கள் உங்கள் ஆட்களா? இல்லை என்று பதில் வந்தது. அதன்பின் மணிக்கணக்கில் விமானங்களும் பீரங்கிகளும் பொழிந்தன. 200 முதல் 300 பேர் இறந்திருப்பார்கள் என்றது அமெரிக்கத் தரப்பு.

அவர்கள் எதற்காக அந்த ஆலைக்குப் போனார்கள்? வாக்னரோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்துக்கு, மீட்டுக் கொடுக்கும் எண்ணெய், எரிவாயு வயல்களின் உற்பத்தியில் கால் பங்கு என்று சிரிய அரசு ஒப்பந்தம் போட்டிருந்தது. கோனோ வைரத்தின் கதைதான், வேறு தேசத்தில். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. செத்தவர்கள் சீருடை போட்ட ரஷ்யச் சிப்பாய்களாக இருந்திருந்தால் மாஸ்கோ சும்மா இருந்திருக்க முடியாது. இரண்டு அணு ஆயுத நாடுகள் மறுநாள் எதுவும் நடக்காததுபோல் இருக்க முடிந்தது, அந்த ‘இல்லை’யால்தான். பொய் சில சமயம் போரைத் தள்ளிப்போடும். அதற்கான விலையைக் கொடுத்தவர்களின் அம்மாக்கள் ரஷ்யச் சிற்றூர்களில் சடலம் கேட்டு நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவில் வாக்னர் செய்தது வெறும் சண்டை இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அதிபர் துவாடெராவுக்கு மெய்க்காவல், ராணுவத்துக்குப் பயிற்சி, பாதுகாப்பு ஆலோசகர் நாற்காலியில் ஒரு ரஷ்யர், பதிலுக்குத் தங்கச் சுரங்கம். ரஷ்யப் பயிற்சியாளர்களைப் புகழ்ந்து ஒரு சினிமா எடுத்து, தலைநகர் பாங்கியின் ஸ்டேடியத்தில் திரையிட்டார்கள். 2023இல் அதிபரின் பதவிக்கால வரம்பு நீங்கியது. மாலியில் 2021 டிசம்பரில் வாக்னர் வந்தது; 2022 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை போனது; 2023 முடிவதற்குள் ஐ.நா. படையும் போனது. ஒரு கம்பெனி உள்ளே வர, ஒரு பழைய வல்லரசும் ஐ.நா.வும் வெளியே போயின. மௌரா என்ற ஊரில் 2022 மார்ச்சில் குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. மாலி ராணுவத்தோடு இருந்தவர்களை அந்த அறிக்கை எப்படிக் குறிப்பிட்டது தெரியுமா? ‘வெளிநாட்டு ராணுவத்தினர்’. பெயர் இல்லை.

பெயர் தானாகவே வெளியே வந்தது. 2022 செப்டம்பரில், வாக்னர் தன்னுடையதுதான் என்று பிரிகோஷினே ஒப்புக்கொண்டார். 2023 ஜூன் 23 அன்று, ராணுவ அமைச்சகத்தோடு முற்றிய சண்டையில், தன் படையைத் திருப்பிக்கொண்டு மாஸ்கோவை நோக்கிக் கிளம்பினார். மறுநாள் பாதிவழியில் நின்றார். நான்காம் நாள் புடின் சொன்னார்: வாக்னருக்கு முழுப் பணமும் அரசு கொடுத்தது, ஒரே ஆண்டில் 8,600 கோடி ரூபிள். இல்லாத கம்பெனிக்கு! ஆகஸ்ட் 23இல் பிரிகோஷினின் விமானம் விழுந்து நொறுங்கியது.

தமிழ் வாசகருக்கு இது புதுக்கதை இல்லை. இலங்கையின் பொலன்னறுவையில் மன்னன் முதலாம் விஜயபாகு சோழரை எதிர்க்கப் படை திரட்டியபோது, கூலிக்கு இருந்த வேளைக்காரப் படையினர் சோழருக்கு எதிராகப் போகமாட்டோம் என்று கலகம் செய்து அரண்மனைக்கே தீவைத்தார்கள். அதே வேளைக்காரர்கள்தான் பின்னாளில் புத்தரின் பல் இருக்கும் கோயிலைக் காப்போம் என்று தமிழில் கல்வெட்டு பொறித்தார்கள். காசுக்கு வந்தவன் விசுவாசமில்லாதவன் என்று சுலபமாகச் சொல்லமுடியாது. அவன் விசுவாசம் யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, கூலிப்படையினன் யார் என்பதற்கு ஆறு நிபந்தனைகள் வைத்தது. ஆறும் ஒருசேரப் பொருந்தவேண்டும். அந்த நாட்டு ராணுவத்தில் பெயருக்கு ஒரு பதவி வாங்கிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். சாண்ட்லைன் ஆட்கள் ‘சிறப்புக் காவலர்’ ஆனது இப்படித்தான். 1989இல் ஐ.நா. ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன் எதுவும் சேரவில்லை. 2008இல் சுவிட்சர்லாந்தும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து மான்ட்ரோ ஆவணத்தை உருவாக்கின. நல்ல ஆவணம், கட்டாயம் கிடையாது. வாங்குகிறவர்களே சட்டம் எழுதும் சந்தை இது.

கடைசியாக, ‘எங்கள் ஆட்கள் இல்லை’ என்பதன் இன்னொரு முனை. அது கொலைக்கு மட்டும் உதவுவதில்லை. சாவை மறைக்கவும் உதவுகிறது. 2016 ஜூன் 20 காலை காபூலில் கனடா தூதரகத்துக்குக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மினி பஸ்மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. செத்தவர்கள் நேபாளிகளும் இரண்டு இந்தியர்களும். கனடாவின் போர்ச்சாவுக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.

இந்த ஆள்தேடல் இப்போது நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. இடையில் கம்பெனிகூட இல்லாமல். ரஷ்யாவில் ஹெல்பர் வேலை, கிடங்கு வேலை என்று ஏஜென்ட் பேச்சை நம்பிப் போன இந்திய இளைஞர்கள் ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்டு உக்ரைன் எல்லையில் நின்றார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: சேர்ந்தவர்கள் 126, இறந்தவர்கள் 12. இலங்கையில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் 16 பேராவது இறந்ததாக 2024 மே மாதமே அந்நாட்டு அரசு சொன்னது. பலர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் இருந்தது.

உங்கள் தெருவில் யாராவது வெளிநாட்டில் ‘செக்யூரிட்டி’, ‘ஹெல்பர்’ என்று கிளம்பினால் ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். படிக்கமுடியாத மொழியில் இருந்தால் கையெழுத்துப் போட விடாதீர்கள்.